உபகாரமா, சம்பளமா? – ‘ஸ்டோனர்’ நவீனம் பற்றிய ஒரு திறனாய்வு

‘உபகாரச் சம்பளம்’ என்னும் சொற்றொடரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழ் மக்கள் நாள்தோறும் வழங்கி வருகின்றோம். மேற்படிப்புக்குச் செல்லும் மாணவனுக்கு அரசாங்கமோ, அறநிலையமோ, பல்கலைக் கழகமோ அளிக்கும் பொருளுதவிக்கு நாம் இட்ட பெயர் அது. சற்று நின்று நோக்கினால், மாறுபட்ட இரண்டு கருத்துகள் அப்பெயரில் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டிருப்பதைக் காணலாம். உபகாரம் என்பது கைம்மாறு கருதாமல் செய்யப்படுவது. சம்பளம் என்பது செய்த வேலைக்குக் கொடுக்கப்படுவது. உபகாரம் பெற்றவன் நன்றிக் கடன்படுகின்றான். சம்பளம் பெற்றவன் அதற்குரிய உழைப்பை முன்பே கொடுத்துவிட்டவன். உபகாரம் நின்று போனால் வருந்தலாம். சம்பளம் நின்று போனால் வழக்காடலாம்.

அங்ஙனமாயின், பட்டம் பெற்ற பின்னும் படிப்பைத் தொடரும் மாணவன் கையில் மாதந்தோறும் விழும் தொகை இவ்விரண்டில் எது? இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. அமெரிக்க நாட்டுப் பல்கலைக் கழகங்கள் இவ்வினாவின் பொருட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாதாடியிருக்கின்றன, வகுப்புகள் நின்றிருக்கின்றன, தீர்ப்புகள் எழுதப்பட்டு, மாற்றி எழுதப்பட்டிருக்கின்றன. அந்நாட்டுக்கு மேற்படிப்பை நாடிச் செல்லும் நம் பிள்ளைகளும் இவ்வினாவின் நடுவே சென்று நிற்கின்றனர். இதனை வேரோடு அறிந்துகொள்ளத் துணைபுரியும் நவீனம் ஒன்று உண்டு. ஜான் வில்லியம்ஸ் என்பார் எழுதிய ‘ஸ்டோனர்’ என்பது அது. அந்நூலின் நிறைகுறைகளை இந்த ஒரு கோணத்திலிருந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலாசிரியரும் நூலும்

ஜான் வில்லியம்ஸ் 1922-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படையில் சேர்ந்து இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றியவர். போர் முடிந்த பின் டென்வர் பல்கலைக் கழகத்தில் பயின்று பட்டங்கள் பெற்று, 1954-இல் மிசூரிப் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் டென்வரிலேயே நெடுங்காலம் ஆசிரியராக இருந்து, 1994-இல் மறைந்தார். உரோமப் பேரரசன் அகஸ்டஸ் பற்றிய அவருடைய நவீனம் 1973-இல் அமெரிக்காவின் தேசிய நூற்பரிசைப் பகிர்ந்துகொண்டது.

‘ஸ்டோனர்’ 1965-இல் வெளிவந்தது. அப்பொழுது அதனை வாங்கியவர் மிகச் சிலர். விரைவில் அச்சிலிருந்தும் மறைந்தது. 2003-இலும் 2006-இலும் மறுபதிப்புகள் வந்து, 2011-இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வெளியான பிறகே ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஆயிரக்கணக்கானோர் அதனைத் தேடிப் படிக்கலாயினர். ஆசிரியர் இறந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் நூல் வாழத் தொடங்கியது. கதை நிகழுமிடம் அவர் டாக்டர் பட்டம் பெற்ற அதே மிசூரிப் பல்கலைக் கழகம். மாந்தரும் நிகழ்ச்சிகளும் கற்பனையே என்று அவர் முன்பக்கத்திலேயே கூறிவிடுகின்றார். ஆயினும், உள்ளே இருந்து பார்த்த ஒருவரின் கை அது என்பது படிப்பவர்க்கு எளிதில் விளங்கும்.

கதைச் சுருக்கம்

வில்லியம் ஸ்டோனர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த ஒரே மகன். நிலமோ ஆண்டுக்கு ஆண்டு வறண்டு வருகின்றது. பல்கலைக் கழகத்தில் விவசாயம் படித்தால் நிலத்தைத் திருத்தலாம் என்று கேள்விப்பட்ட தந்தை, 1910-ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில் அவனைக் கொலம்பியா நகருக்கு அனுப்புகின்றார். நகரத்துக்கு வெளியே உறவினர் ஒருவரின் பண்ணையில் அவன் தங்குகின்றான். விடியுமுன் எழுந்து மாட்டுக்கும் பன்றிக்கும் தீனியிட்டு, விறகு பிளந்து, பிறகு வகுப்புக்கு நடக்கின்றான். உண்ணும் உணவுக்கும் உறங்கும் அறைக்கும் அந்த வேலையே விலை.

இரண்டாம் ஆண்டில் எல்லா மாணவரும் படித்தே தீரவேண்டிய ஆங்கில இலக்கியப் பாடத்தில் ஆர்ச்சர் ஸ்லோன் என்னும் பேராசிரியரிடம் அவன் அகப்படுகின்றான். சேக்ஸ்பியரின் எழுபத்து மூன்றாம் பதினான்கடிப் பாடலை வகுப்பில் படித்துக் காட்டி, இதன் பொருள் என்னவென்று அவர் வினவுகின்றார். ஸ்டோனருக்கு விடை வரவில்லை; ஆனால் உள்ளே ஒரு கதவு திறந்துகொள்கின்றது. விவசாயத்தை விட்டு இலக்கியத்துக்கு மாறுகின்றான். இறுதியாண்டில் ஸ்லோன் அவனை அழைத்து, மேலும் படிக்கலாம், படிக்கும்பொழுதே வகுப்பெடுத்துப் பிழைக்கலாம், நீ ஆசிரியனாகப் போகின்றாய் என்கின்றார். கல்வியின்பால் அவன் கொண்டுள்ள காதலே அதற்குக் காரணம் என்றும் விளக்குகின்றார். பட்டமளிப்புக்கு வந்த பெற்றோரிடம், தான் நிலத்துக்குத் திரும்பவில்லை என்று மகன் சொல்லும் பகுதி நெஞ்சை உலுக்குவது.

அதன்பின் முதலாண்டு மாணவர்க்கு இலக்கணமும் கட்டுரையும் போதித்துக்கொண்டே படித்து, 1918-இல் டாக்டர் பட்டம் பெற்று, அதே பல்கலைக் கழகத்தில் 1956-இல் இறக்கும்வரை ஆசிரியனாக இருக்கின்றான். துணைப் பேராசிரியர் என்னும் படிக்கு மேல் அவன் ஏறவில்லை. மணவாழ்வு கசந்தது, துறைத் தலைவரின் பகை வாட்டியது. இறந்த பின் அவனை நினைவில் வைத்திருந்த மாணவரும் சிலரே. கதை இவ்வளவே.

நூலின் நிறைகள்

மேற்படிப்பு மாணவன் எவ்வாறு உண்டாக்கப்படுகின்றான் என்பதை இத்துணை உண்மையாகக் காட்டிய நவீனம் வேறொன்றை நான் படித்ததில்லை. முதலாவதாக, ஸ்டோனர் எங்கும் விண்ணப்பம் எழுதவில்லை. எந்தத் தேர்வுக் குழுவின் முன்னும் நிற்கவில்லை. ஒரு பேராசிரியர் கண்டார், ஏற்பாடு செய்தார், வேலை கிடைத்தது. இது உபகாரந்தான். அந்த ஒரு கண் படாதிருந்தால் ஸ்டோனர் வறண்ட நிலத்தில் தந்தையைப் போலவே வற்றிப் போயிருப்பான். அவனைப்போல் எத்தனை பேர் அந்தக் கண்ணில் படாமல் போயிருப்பர் என்ற எண்ணமும் உடன் எழுகின்றது. ஆசிரியர் அதனை வெளிப்படையாகக் கேட்கவில்லை, கேட்க வைக்கின்றார்.

இரண்டாவதாக, படித்துக்கொண்டே போதிப்பவனின் இரட்டை நிலையை நூல் மறைக்காமல் உரைக்கின்றது. உள்ளத்தில் எவ்வளவு ஒளி இருந்தாலும், வகுப்பில் வாய் திறந்தவுடன் அது மங்கிப் போகின்றது. தான் மிக நேசிக்கும் பொருளே தன் சொல்லில் உயிரற்றுக் கிடப்பதைக் கண்டு அவன் வருந்துகின்றான். நல்லாசிரியனாக மலர அவனுக்குப் பல்லாண்டுகள் ஆகின்றன.

மூன்றாவதாக, இதுவே எல்லாவற்றினும் கூரியது. இந்நூலில் முதலாண்டு வகுப்பு இரண்டு இடங்களில் தலைகாட்டுகின்றது. இளமையில் அது ஏழை மாணவன் பிழைக்கக் கிடைத்த வேலை. முதுமையை அணுகும்பொழுது அதுவே தண்டனை. தகுதியற்ற ஆராய்ச்சி மாணவன் ஒருவனைத் தேர்ச்சியடையச் செய்ய ஸ்டோனர் மறுத்ததால் சினங்கொண்ட துறைத் தலைவர் லோமக்ஸ், உயர் வகுப்புகளை அவனிடமிருந்து பறித்து முதலாண்டுக் கட்டுரை வகுப்புகளைச் சுமத்துகின்றார். ஆகவே, அந்தப் பல்கலைக் கழகத்தில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிப்பது யார்? வேறு வழியற்ற இளையவனும், வெறுக்கப்பட்ட மூத்தவனும். அடித்தளம் இடும் வேலைக்கு அங்கே கிடைக்கும் மதிப்பு இவ்வளவுதான் என்பதை ஆசிரியர் ஒரு வாக்கியத்திலும் சொல்லவில்லை; கதையின் கட்டுக்கோப்பே சொல்லிவிடுகின்றது. முதலாம் ஆண்டு பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் வேலையில் ஆயுளைக் கழித்த நம்மனோர்க்கு இது புதிய செய்தியன்று.

வரலாறு கூறுவது

நவீனத்தை விட்டுச் சற்று வெளியே வந்து, இவ்வேற்பாடு எப்படித் தோன்றியதெனக் காண்போம். அமெரிக்காவில் முதன்முதலாக டாக்டர் பட்டம் வழங்கியது யேல், ஆண்டு 1861. அதற்கு முன்னும், பின்னும் சில காலம், உயர் ஆராய்ச்சியை விரும்பிய அமெரிக்க இளைஞர் ஜெர்மனிக்குக் கப்பலேறினர். 1876-இல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம் திறக்கப்பட்டபொழுது, அதன் தலைவர் கில்மன் புதுவழி கண்டார். ஆண்டுக்கு 500 டாலர் வீதம் இருபது பேருக்கு ‘ஃபெல்லோஷிப்’ என்னும் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வைத்தார். நன்கொடையின் வலிமையால் திறமையை ஓரிடத்தில் குவிப்பதே கருத்து.

இஃது ஒரு வேர். மற்றொரு வேர் வேறு மண்ணில் பிடித்தது. மாநிலப் பல்கலைக் கழகங்கள் பெருகின. எல்லா மாணவரும் முதலாண்டில் கட்டுரை வகுப்பில் அமர வேண்டும் என்ற விதி பரவியது. அத்துணை வகுப்புகளுக்கும் பேராசிரியர்களைத் தேடினால் செலவு தாங்காது. மேற்படிப்பு மாணவரோ அருகிலேயே இருந்தனர். அவர்க்குப் பணமும் தேவைப்பட்டது. இவ்வாறு ‘அசிஸ்டண்ட்ஷிப்’ என்னும் உதவியாளர் முறை வேரூன்றியது. 1944-இன் சட்டத்தால் போர்வீரர் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் கல்லூரிகளுக்கு வந்தபொழுது, இத்தேவை பன்மடங்காயிற்று. வில்லியம்ஸ் பட்டம் பெற்றதும் அக்காலத்தில்தான்.

மூன்றாம் வேர் அரசாங்கம். 1950-இல் தேசிய விஞ்ஞான நிறுவனம் அமைந்து, 1952-இல் மேற்படிப்பு மாணவர்க்கு உபகாரச் சம்பளம் வழங்கத் தொடங்கியது. 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை வானில் ஏவியது. மறு ஆண்டே அமெரிக்கக் காங்கிரஸ் ‘தேசியத் தற்காப்புக் கல்விச் சட்டத்தை’ இயற்றியது. வருங்காலக் கல்லூரி ஆசிரியர்களுக்கென அதன் கீழ் முதலாண்டு 2,000 டாலரும், இரண்டாம் ஆண்டு 2,200 டாலரும், மூன்றாம் ஆண்டு 2,400 டாலரும் அளிக்கப்பட்டன. சட்டத்தின் பெயரிலேயே தற்காப்பு நிற்பதைக் கவனிக்க வேண்டும். அரசாங்கத்தைக் கவிழ்க்கும் கொள்கை தமக்கு இல்லையென்று பெறுவோர் உறுதிமொழி எழுதித் தரவேண்டுமென்ற நிபந்தனையும் அதில் இருந்தது. பல்கலைக் கழகங்களின் எதிர்ப்புக்குப் பின் 1962-இல் அது நீக்கப்பட்டது. உபகாரம் செய்யும் கையும் ஏதோ ஒன்றை எதிர்பார்த்தே நீளுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்று அங்கே மூன்று வகை உதவிகளைக் காணலாம். போதனை உதவியாளர் வகுப்பெடுப்பார், விடைத்தாள் திருத்துவார், கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி மாதப்படியும் கிடைக்கும். வேலை வாரத்துக்கு இருபது மணி நேரம் என்பதே பொதுவான கணக்கு. ஆராய்ச்சி உதவியாளர், பேராசிரியர் பெற்ற ஆராய்ச்சி மானியத்திலிருந்து சம்பளம் பெற்று அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் உழைப்பார். ஃபெல்லோஷிப் பெற்றவர்க்கு இவ்வேலைகள் இல்லை. தம் ஆராய்ச்சியே வேலை. இம்மூன்றும் ஒரே மாணவனுக்கு ஆண்டுக்கொன்றாக மாறி மாறி வருவதும் உண்டு. ஆகவே, இந்த ஆண்டு உபகாரம், அடுத்த ஆண்டு சம்பளம் என்று ஒரே மனிதன் இரு பெயர்களுக்கிடையே ஊசலாடுகின்றான்.

நூலின் குறைகள்

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு மீண்டும் நவீனத்தைப் படித்தால் இரண்டு குறைகள் புலப்படும்.

முதற் குறை, காதலைக் காரணமாக்கியது. ஸ்டோனர் கல்வியைக் காதலித்தான். ஆதலின் ஏழ்மையையும் பொருட்படுத்தவில்லை. இதை ஆசிரியர் உயர்ந்த பண்பாகவே வரைகின்றார். உயர்ந்த பண்புதான், ஐயமில்லை. ஆனால், தொழிலை நேசிப்பவனுக்குக் குறைந்த கூலி போதும் என்ற முடிவுக்கு அது வழிவிடுகின்றது. நேசம் தொழிலாளியின் சொத்து. முதலாளி அதனைக் கழிவாகக் காட்டிக் கூலியைக் குறைக்க உரிமையில்லை. ஆசிரியப் பணி புனிதமானது என்று மேடைதோறும் பாடப்படுவதை நாமும் கேட்டிருக்கின்றோம். அப்புகழ்ச்சி உண்மையாகவும் இருக்கலாம். கணக்கைப் பற்றிய பேச்சை நிறுத்தும் தந்திரமாகவும் இருக்கலாம். வில்லியம்ஸ் முதலதை மட்டும் கண்டார்.

இரண்டாவது குறை, கணக்கில் விட்டுப் போன ஒருவர். மகன் திரும்பி வரமாட்டான் என்று ஆன பின், தந்தை பண்ணைக்குக் கறுப்பின உழைப்பாளி ஒருவரைக் கூலிக்கு அமர்த்துகின்றார். தந்தையும் மகனும் சேர்ந்து ஒரு நாளில் செய்த வேலையை ஏறக்குறைய அவர் ஒருவரே செய்து முடிக்கின்றார் என்று ஆசிரியர் ஒரு வரியில் எழுதிச் செல்கின்றார். தோட்டப்புறத்தில் வாழும் எவரும் இவ்வரியை அவ்வளவு எளிதில் கடந்து செல்ல இயலாது. ஸ்டோனர் நூலகத்தில் அமர்ந்து இலத்தீன் கற்பதற்கு, வயலில் அவன் விட்டுவந்த வேலையை வேறொரு முதுகு சுமந்தது. அந்நாளில் அம்மனிதரின் பிள்ளை அதே பல்கலைக் கழகத்துக்குள் மாணவனாக நுழைந்திருக்க முடியாது. மிசூரிப் பல்கலைக் கழகம் கறுப்பின மாணவரை முதன்முதலாகச் சேர்த்தது 1950-இல்தான். நம் தோட்டங்களிலும் தம்பி படிப்பதற்காகப் பள்ளியை விட்டுப் பால்மரம் சீவப் போன அக்காள்மார் எத்தனை பேர்! செக்ரோலில் அவர்களுக்குப் பேர் விழுந்தது; பட்டமளிப்பு மண்டபத்தில் அவர்களுக்கு நாற்காலி விழவில்லை. ஒவ்வொரு பட்டத்துக்கும் பின்னால் இத்தகைய மறைவான உபகாரச் சம்பளம் ஒன்று இருக்கின்றது. மிசூரிப் பண்ணையில் அதனை வில்லியம்ஸ் கண்டார். கண்டும் ஒரு வரியோடு நின்றுவிட்டார். அவ்வரியை ஓர் அத்தியாயமாக விரித்திருந்தால் நூல் இன்னும் பெரியதாயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது நூலின் குறை அன்று. நூல் காட்டும் முறையின் குறை. ஸ்டோனரை வகுப்பறைக்குள் விட்டவர்கள், எப்படிப் போதிப்பதென்று அவனுக்கு ஒரு நாளேனும் சொல்லிக் கொடுத்ததாகக் கதையில் இல்லை. இலக்கியம் தெரிந்தால் இலக்கியம் போதிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாம் இதை ஏற்க முடியாது. நம்முடைய பயிற்சிக் காலத்தில் பாடக் குறிப்பு எழுதினோம்; விரிவுரையாளர் பின்வரிசையில் அமர்ந்து கேட்டார்; வகுப்பு முடிந்ததும் எங்கே பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள் என்று சுட்டிக் காட்டினார். அக்கண்டிப்பு இனித்ததில்லை, ஆனால் பிள்ளைகளைக் காத்தது. ஸ்டோனர் தானே தட்டுத் தடுமாறி ஆசிரியத் திறமையை அடைய எடுத்துக்கொண்ட ஆண்டுகளின் விலையை, அவன்முன் அமர்ந்திருந்த மாணவர்களே கொடுத்தனர். இன்று பல பல்கலைக் கழகங்கள் உதவியாளர்களுக்குத் தொடக்கப் பயிற்சி அளிக்கின்றன. எனினும், பெரும்பாலும் அது சில நாட்களில் முடிந்துவிடுகின்றது.

மன்றம் ஏறிய வினா

நவீனம் கேளாத வினாவை மாணவர்களே பின்னாளில் கேட்டார்கள். விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தின் போதனை உதவியாளர்கள் 1966-இல் சங்கம் அமைத்து, 1970-இல் வேலைநிறுத்தம் செய்து எழுத்து மூலமான ஒப்பந்தம் பெற்றார்கள். ‘ஸ்டோனர்’ வெளிவந்து ஐந்தே ஆண்டுகள்! தனியார் பல்கலைக் கழகங்களில் வழக்கு நெடிது நடந்தது. நியூயார்க் பல்கலைக் கழக வழக்கில் 2000-ஆம் ஆண்டில் தேசியத் தொழிலுறவு வாரியம் இவ்வுதவியாளர்கள் தொழிலாளரே என்றது. 2004-இல் பிரௌன் பல்கலைக் கழக வழக்கில் அதே வாரியம், இவர்கள் முதன்மையாக மாணவர்கள், பல்கலைக் கழகத்தோடு அவர்களுக்குள்ள உறவு கல்வி உறவு என்று மாற்றிச் சொன்னது. 2016-இல் கொலம்பியாப் பல்கலைக் கழக வழக்கில், ஒருவர் ஒரே வேளையில் மாணவராகவும் தொழிலாளராகவும் இருக்கலாம் என்று மீண்டும் மாற்றித் தீர்த்தது. 2022 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பத்து வளாகங்களிலும் ஏறத்தாழ 48,000 பேர், ஆராய்ச்சி உதவியாளரும் போதனை உதவியாளரும் பிறரும், வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வாடகை ஏறியது, படி ஏறவில்லை என்பதே அவர்களின் முறையீட்டின் சாரம்.

பல்கலைக் கழகங்களின் பக்கத்திலும் நியாயம் ஒன்று உண்டு. அதை மறைத்துத் திறனாய்வு செய்தல் முறையாகாது. மாணவன் பெறுவது மாதப்படி மட்டுமன்று. கட்டணத் தள்ளுபடி, பேராசிரியரின் நேரம், நூலகம், பட்டம் ஆகிய யாவும் அவனுக்கு வருகின்றன. போதிப்பதும் கற்பதன் ஒரு பகுதியே. இவற்றையெல்லாம் கூலிக் கணக்கில் அடக்கினால், ஆசிரியர்–மாணவர் உறவு முதலாளி–தொழிலாளி உறவாகச் சுருங்கிவிடும் என்று அவை அஞ்சுகின்றன. அச்சத்தில் பொருளுண்டு. ஸ்லோனுக்கும் ஸ்டோனருக்கும் இடையே இருந்ததை எந்த ஒப்பந்தமும் எழுதித் தர முடியாது.

ஆனால், ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். வகுப்பில் அமர்ந்திருக்கும் முதலாண்டு மாணவனுக்கு, தன் முன் நிற்பவர் உபகாரம் பெறுபவரா சம்பளம் பெறுபவரா என்பது தெரியாது. அவன் கட்டணம் கட்டியிருக்கின்றான். அவனுக்கு ஒரு பாடம் வேண்டும். அப்பாடத்தைக் கொடுத்தவர் வேலை செய்திருக்கின்றார். வேலை செய்தவர்க்குக் கூலி உரியது. அதற்கு மேல் பேராசிரியர் காட்டும் அன்பு உபகாரம். அவ்வுபகாரத்துக்கு நன்றி பாராட்டலாம்; பாராட்டவும் வேண்டும். கூலியை அன்பென்று பெயர் மாற்றிக் கொடுத்து, அதற்கும் நன்றியை எதிர்பார்ப்பதுதான் தவறு. 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதைத்தான் சட்ட மொழியில் கூறியது என்பது என் கருத்து. நம் சொற்றொடரில் உபகாரமும் சம்பளமும் அருகருகே நிற்பதும் ஒரு வகையில் சரியே. ஒன்று மற்றொன்றை விழுங்காதவரை.

நாம் கொள்ள வேண்டியது

ஆசிரியத் தோழர்களுக்கு இத்திறனாய்வால் பயன் யாது? நம் பள்ளிகளிலிருந்து சென்ற பிள்ளைகள் ஒரு நாள் வெளிநாட்டுப் பல்கலைக் கழகக் கடிதத்தோடு நம்மைத் தேடி வருகின்றனர். பெற்றோர் ஆங்கிலக் கடிதத்தை வாசிக்க இயலாதவராயின், வாத்தியாரைக் கேள் என்றே அனுப்புகின்றனர். ‘முழு உதவி’ என்ற சொல்லைக் கண்டவுடன் மாலை வாங்க ஓடாமல், நாம் அக்கடிதத்தை நிறுத்திப் படிக்க வேண்டும். உதவி எத்தனை ஆண்டுகளுக்கு? டாக்டர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆகும். உதவி மூன்று ஆண்டில் நின்றால் எஞ்சிய ஆண்டுகளுக்கு வழி என்ன? மாதப்படி பன்னிரண்டு மாதத்துக்கா, ஒன்பது மாதத்துக்கா? கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியா, அன்றி வேறு கட்டணங்கள் மாணவன் தலையில் விழுமா? தொகை பேராசிரியரின் மானியத்திலிருந்து வருவதாயின், அம்மானியம் தீர்ந்தாலோ அவர் வேறிடம் சென்றாலோ மாணவன் கதி என்ன? மாணவ விசாவில் செல்பவர் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு இருபது மணிக்கு மேல் வளாக வேலை செய்யலாகாது என்பதால், குறையும் பணத்தை மிகுதி வேலையால் நிரப்பவும் முடியாது. தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் உபகாரச் சம்பளம் போன்றவை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியவை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இவ்வினாக்களைக் கேட்பது நன்றி கெட்ட செயலாகாது. வீட்டுக்கு மாதந்தோறும் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளைக்கும், வீட்டிலிருந்து பணம் வரப்பெறும் பிள்ளைக்கும் ஒரே தொகை ஒரே பொருளைத் தருவதில்லை. வசதியுள்ளவன் இவ்வினாக்களைக் கேட்காமலே பிழைத்துக்கொள்வான். ஏழைதான் கேட்டாக வேண்டும். ஆனால், உபகாரம் என்ற சொல்லுக்கு அஞ்சி வாய் மூடி நிற்பவனும் அவனே. அவனுக்காகக் கேட்கும் வாய் ஆசிரியனுடையதாக இருக்கட்டும்.

ஸ்டோனரைக் கண்டெடுத்த ஸ்லோனைப் போல் மாணவனின் உள்ளொளியைக் காணும் கண் நமக்கு வேண்டும். அந்தக் கண்ணோடு, ஸ்லோன் பாராத கணக்கையும் பார்க்கும் கண் ஒன்று வேண்டும். படிப்பின்பால் பிள்ளை கொண்ட காதலை நாம் வளர்ப்போம். அக்காதலைக் காட்டி எவரும் அவன் கூலியைக் குறைக்காதிருக்கவும் கற்பிப்போம். ‘ஸ்டோனர்’ முதற் பாடத்தை நன்கு கற்பிக்கும் நூல். இரண்டாம் பாடத்தை அதனைப் படிப்பவர்தாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு சேர்த்துப் படிக்கத் தக்க நூல் அது. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் படித்தற்குரியது.